பகல் மூன்று மணிக்கு எங்கே போவது?

போன வருடம் ஓகஸ்ட்டில், நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வந்திருந்தது. அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். 16 வருடங்களுக்குப் பிறகு பெரியம்மாவும் கூட வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் சாய்ந்து கிடந்தோம். அக்காவின் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு நித்திரை வரவில்லை. என் பக்கத்தில் வந்து இருந்து, "மாமா, இஞ்ச பார்க் இல்லையா?" என்று கேட்டாள். இல்லாமல் என்ன என்று சொல்லி விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். நூலகத்துப் பக்கம் சுப்பிரமணியம் பூங்கா, கச்சேரியடியில் பழைய பூங்கா, நல்லூரில் சங்கிலியன் பூங்கா, கோட்டை, பண்ணைக் கடற்கரை, காரைநகர் கசூரினா. எண்ணிக்கொண்டு போகும்போது எனக்கே பெருமையாக இருந்தது. "அப்ப இப்பவே போவம்" என்றாள். அப்போது மணி மூன்று.

அந்த மூன்று மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு வருடமாக அது என் மனதை விட்டுப் போகவில்லை.

நான் முதலில் கூட்டிக்கொண்டு போனது அண்மையில் அழகுபடுத்திய ஓர் இடம். பெயர் வேண்டாம், அதைப் போல இன்னும் பல இடங்கள் இருக்கின்றன. வழுவழுப்பான கல் பதித்த நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள், படம் எடுப்பதற்காக ஆளுயரத்தில் வைத்த எழுத்துகள், புதிதாக வர்ணம் பூசிய ஊஞ்சலும் சறுக்கும். இரவு ஏழு மணிக்குப் பார்த்தால் உண்மையிலேயே அழகான இடம். சனம் நிறைந்திருக்கும். மூன்று மணிக்கு எங்கள் ஐந்து பேரைத் தவிர அங்கே யாருமில்லை. பிள்ளை ஓடிப்போய்ச் சறுக்கில் ஏறினாள். இரும்பில் கை பட்டதும் வீரிட்டுக்கொண்டு இறங்கினாள். பெரியம்மா சீமெந்து வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, சேலையைத் தட்டிக்கொண்டு உடனேயே எழும்பினார். அந்த இடத்தில் நிழல் என்று இருந்தது ஒன்றே ஒன்று. பூங்கா விதிமுறைகளை எழுதி வைத்திருந்த அறிவித்தல் பலகையின் நிழல், நிலத்தில் ஒரு முழ அகலத்துக்கு நீண்டு கிடந்தது. பெரியம்மா, அக்கா, அத்தான், பிள்ளை, நான் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் நின்றோம். வெயில் நகர நிழலும் நகர்ந்தது. நாங்களும் பக்கவாட்டில் ஓரடி, ஈரடி என்று நகர்ந்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஓகஸ்ட் கடைசி என்பது சும்மா வெயில் இல்லை. வருடத்தில் இரண்டு தடவை சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். ஒன்று சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி. மற்றது ஓகஸ்ட்டின் கடைசி நாள்களில், பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அதிகமாக வந்து இறங்குவதும் அந்த மாதம்தான். அதாவது பூங்கா எங்கே என்று எங்களிடம் கேட்கப்படும் காலமும், எங்கள் வெயில் மிகக் கடுமையாக இருக்கும் காலமும் ஒன்றுதான். ஒரு பூங்காவை எப்படி அமைப்பது என்று யோசிக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது இது இல்லையா?

வெளியே நின்ற ஓட்டோக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து, "இந்த நேரத்தில ஆர் இஞ்ச வருவினம் அண்ணை? பழைய பூங்காவுக்குப் போங்கோ. அங்க மரம் நிக்குது" என்றார். எத்தனை பூங்காக்கள் இருந்தாலும், அந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டது அவர் சொன்ன அந்த ஒன்றுதான்.

டைக் துரையின் நிழல்

பழைய பூங்காவின் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் சட்டென்று வெளிச்சம் குறைந்தது. கண் பழகச் சில நொடிகள் ஆனது. கண்டி வீதியில் பஸ் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் எங்கோ தூரத்தில் கேட்பது போல. பிள்ளை எங்களை விட்டு ஓடிவிட்டாள். பெரியம்மா ஒரு பெரிய மரத்தின் வேரில் இருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதங்களை மண்ணில் பதித்தார். அந்த மண் குளிர்ந்திருந்தது. வெயில் நேரே விழாத மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு. அதை எவ்வளவு காலமாக மறந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற ஆங்கிலேய அதிகாரி 1829இல் யாழ்ப்பாணத்துக்குப் பொறுப்பாக வந்தவர். 1867இல் இறந்தார். வடக்கின் ராசா என்று ஆங்கிலேய அதிகாரிகளே அவரைச் சொல்லும் அளவுக்கு அதிகாரம் செலுத்திய மனிதர். அவர் அதிகாரத்தைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அவர் தன் வாசஸ்தலத்தைச் சுற்றி மரங்களை வைத்தார். அந்த வாசஸ்தலம் போரில் சிதைந்துபோய், கூரை இல்லாமல், சுவர்களோடு இன்றும் அந்த வளவுக்குள் நிற்கிறது. ஆட்சி போய்விட்டது, மாளிகையும் போய்விட்டது. அவர் தொடக்கிவைத்த மரச்சோலையின் நிழலில், அவர் ஒருபோதும் நினைத்துப் பார்த்திருக்காத ஒரு கொக்குவில் கிழவி செருப்பைக் கழற்றிவிட்டு இளைப்பாறுகிறார். இந்த நகரத்தில் பொதுமக்களுக்கு என்று இருக்கிற இடங்களில், பகல் மூன்று மணிக்கு மனிதர் போய் இருக்கக்கூடிய மிகப் பெரிய நிழல் எனக்குத் தெரிந்து இன்னும் அதுதான். அவருக்குப் பிறகு இவ்வளவு காலத்தில் நாங்கள் அதற்கு ஈடாக ஒன்றை வைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

பெரியம்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: "தம்பி, எங்கட படலையடி வேம்பை ஆர் தறிச்சது?"

மூன்று நாளாக அவர் அதைக் கேட்கவில்லை. வந்து இறங்கிய அன்று படலையால் உள்ளே நுழையும்போது ஒரு தடவை நின்று மேலே பார்த்ததை நான் கண்டேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்த மரம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் பூவைப் பொறுக்கி வடகம் போட்டுத்தான் கனடாவுக்குக் கொண்டுபோனவர். ஒவ்வொரு சித்திரையிலும் தொலைபேசியில், "பூ கொட்டத் தொடங்கிட்டுதா?" என்று கேட்பவர். கடைசிச் சில வருடங்கள் நான் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

"நான்தான் பெரியம்மா" என்றேன். மதில் கட்டியபோது வேர் அத்திவாரத்துக்குள் போகும் என்று மேசன் சொன்னார். கொப்புகள் மின்கம்பியில் முட்டின. சருகு பீலியை அடைத்தது. எல்லாக் காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அது ஆரும் நட்ட மரமில்லை, தானா முளைச்சது. அப்பு படலை போடேக்குள்ள அது சின்னன், இடுப்பளவு. சரியா வழியில நிண்டது. பிடுங்கச் சொல்லி எல்லாரும் சொன்னவை. அப்பு படலையைத்தான் மூண்டு முழம் தள்ளி வைச்சவர், மரத்தைத் தள்ளேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். என்னை ஏசவில்லை. பிள்ளை எதையோ கண்டுபிடித்துக் கூப்பிட, எழும்பி அவளிடம் போய்விட்டார்.

எங்கள் வீட்டுப் படலை ஒழுங்கைக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருந்ததை சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கார் திருப்பக் கஷ்டம் என்று சலித்துக்கொண்டும் இருக்கிறேன். புது மதில் கட்டியபோது படலையை நேராக்கியதும் நான்தான். அது ஏன் கோணலாக இருந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை.

மரத்தின் பெயரில் ஊர்

அதற்குப் பிறகு இந்த ஊரை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். வேம்படி, அரசடி, புளியடி, ஆலடி, மானிப்பாயில் மருதடி. எங்கள் ஆள்கள் இடத்துக்குப் பெயர் வைக்கும்போது மரத்தைச் சொல்லவில்லை, மரத்தின் அடியைச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் நிற்கும் இடம் அது. வெயிலுக்கு ஒதுங்குவதும், கதைப்பதும், வழக்குப் பேசுவதும், பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் அங்கேதான். யாழ்ப்பாணத்தில் பூங்கா என்ற எண்ணம் வெள்ளைக்காரரோடு வந்தது என்று சிலர் சொல்வார்கள். வேலி போட்டு வாசல் வைத்த பூங்கா வேண்டுமானால் அப்படி வந்திருக்கலாம். பொதுவெளியில் முன்பின் தெரியாதவருக்கு நிழல் கொடுப்பது எங்களுடைய பழைய பழக்கம். பருத்தித்துறையில் தும்பளை வீதியில் தெருமூடி மடம் இன்னும் நிற்கிறது. வீதி அதன் ஊடாகப் போகிறது. மேலே கூரை, இரண்டு பக்கமும் கல் தூண்களும் திண்ணைகளும். வழிப்போக்கன் வழியை விட்டு விலகாமலே நிழலுக்குள் வந்துவிடலாம். மடம் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் கந்தர்மடத்தையும் ஆறுகால்மடத்தையும் தினமும் கடந்து போகிறோம். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு வந்து உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், பக்கத்தில் தண்ணீருக்குக் கேணி. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவார்கள். அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்காக, வழியில் போகிற எல்லோருடைய சுமையையும் ஏற்றுக்கொள்ளும் கல். ஒரு பொது இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பூங்கா எங்கள் ஒழுங்கைகள். கிடுகு வேலிக்கு நிறுத்தும் கதியால்கள் செத்த தடிகள் இல்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு. மழைக்கு நட்டால் வேர் விட்டுத் துளிர்த்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை கொப்பு வெட்டித் தோட்டத்துக்குக் குழையாகத் தாழ்ப்பார்கள், அடுத்த மழைக்கு மறுபடி தழைக்கும். இரண்டு பக்கமும் வேலி இப்படி நின்றால் நடுவில் ஒழுங்கை ஒரு குகை போல இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீதியில் சுட்ட கால் ஒழுங்கைக்குள் வந்ததும் ஆறிவிடும். அப்போது எங்களுக்குப் பூங்கா தேவைப்படவில்லை. பிறகு ஒவ்வொரு வீடாக மதில் வந்தது. வெளிநாட்டுக் காசில் கட்டிய மதில், கள்ளருக்குப் பயந்து கட்டிய மதில், பக்கத்து வீட்டுக்காரர் கட்டியதால் கட்டிய மதில். எங்கள் ஒழுங்கையில் கடைசி உயிர்வேலியை எடுத்ததும் எங்கள் வீடுதான். சீமெந்து இரண்டு பக்கமும் சூட்டை வாங்கி இரவு எட்டு மணி வரைக்கும் திருப்பித் தருகிறது.

போரையும் சொல்ல வேண்டும். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் என்று தறித்த பனைகளுக்குக் கணக்கில்லை. எரிபொருள் வராத காலத்தில் விறகுக்கு என்று போன மரங்கள் வேறு. அதைவிட ஆழமான ஒன்றும் நடந்தது என்று நினைக்கிறேன். இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வந்தபோது வளவுகள் பற்றையாகக் கிடந்தன. பற்றைக்குள் மிதிவெடி இருக்கலாம், பாம்பு இருக்கலாம். பற்றை வெட்டி வெளியான நிலம்தான் காலை வைக்கக்கூடிய நிலம். பல வருடம் அப்படி வாழ்ந்தவர்களுக்கு வெட்டவெளி என்றால் பாதுகாப்பு, வெளிச்சம் என்றால் சமாதானம். அதனால்தான் எந்தப் பொது வேலை தொடங்கினாலும் முதலில் துப்புரவாக்குகிறோம். பிறகு கல் பதிக்கிறோம், விளக்குப் போடுகிறோம், கடைசியில் காசு மிஞ்சினால் ஓரத்தில் பூச்சட்டி வைக்கிறோம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது எனக்குள்ளும் இருக்கிறது. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. அவர்களுக்கு வெயில் மட்டும்தான் இருக்கிறது.

எந்த நேரம், எந்த இடம்

இப்போது யாராவது யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று கேட்டால், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்கிறேன். எங்கள் வெளியிடங்களை நேரத்தை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டால் அது பொய்யாகிவிடும். கோட்டை மாலை ஐந்து மணிக்கு மேல். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலைக் கோட்டையாக ஆக்கிய இடம் அது. முருகைக்கல் மதிலின் மேல் ஏறி நின்றால் பண்ணைக் கடலுக்குள் சூரியன் போவது தெரியும். சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் அங்கே பிள்ளைகளின் தொப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே மதில் மத்தியானத்தில் தோசைக்கல். கீரிமலைக் கேணிக்கு விடியக்காலை, கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதைப் பிள்ளைகள் வாயில் ஊற்றிப் பார்த்து நம்பட்டும். மணற்காட்டு மணல்மேடுகளுக்கும் காலைதான், எட்டு மணிக்குப் பிறகு வெறுங்காலோடு அந்த மணலில் ஏற முடியாது. நிலாவரைக் கிணறு எந்த நேரமும் சரி, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் பிள்ளைகள் அங்கே நிற்க மாட்டார்கள்.

பகலில் போகலாம் என்று நான் துணிந்து சொல்லும் இடங்கள் இரண்டு, மூன்றுதான். கசூரினாவுக்குப் பெயர் தந்ததே சவுக்கு மரங்கள். ஆழமில்லாத கடல் என்பதற்காகச் சனம் போவதாகச் சொல்வார்கள், எனக்கு என்னவோ மரங்களுக்காகத்தான் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், சோற்றுப் பெட்டியோடு வந்த குடும்பங்கள் எல்லாம் தண்ணீரைவிடச் சவுக்கின் கீழ்தான் அதிக நேரம் இருக்கும். போகும் வழியில் பொன்னாலைப் பாலத்தில், வாடைக்காலமாக இருந்தால், வலசை வரும் பறவைகளையும் பார்க்கலாம். மற்றது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். குதிரைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள், ஆனால் எங்கள் பிள்ளை மறக்காமல் வைத்திருப்பது அங்கே நிற்கும் பெருக்கு மரத்தை. ஆபிரிக்காவுக்குரிய மரம், எப்போதோ கடல் தாண்டி வந்தது. அடிமரத்தில் ஒரு பொந்து, பெரியவர்களே உள்ளே நிற்கலாம். அவள் உள்ளே போய் நின்றுகொண்டு வெளியே வர மறுத்துவிட்டாள். "இதுதான் நல்ல பார்க்" என்றாள். ஒரு மரம். அவ்வளவுதான் அந்தப் பூங்கா.

பெரியம்மா போகும் நாளுக்கு முன் மறுபடியும் பழைய பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அதே வேரில் இருந்தார். அந்த வேம்பைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அவர் நித்திரையான பிறகு, படலையடிக்குப் போய் அடிமரம் இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தேன். அதற்கு மேல் சீமெந்துத் தளம் போட்டிருந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அந்தத் தளத்தில் ஒரு சதுரத்தை மேசனைக் கொண்டு உடைப்பித்தேன். கீழே மண் இறுகிக் கிடந்தது. ஒரு முழம் கிண்டி, எருவும் பழைய சருகும் போட்டு, பக்கத்துக் கோவிலடியில் முளைத்து நின்ற வேப்பங்கன்று ஒன்றைப் பிடுங்கிவந்து வைத்தேன். அது பிழைத்துவிட்டது, இப்போது என் தோளளவு. படலையைத் திரும்ப ஒரு பக்கமாகத் தள்ள வேண்டி வரும், அதற்குக் கொஞ்சக் காலம் இருக்கிறது. பெரியம்மா தொலைபேசியில் வரும்போதெல்லாம் கமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறார். இலை வாடினால் அவருக்கு என்னைவிட முதலில் தெரிகிறது.

ஒழுங்கை மூலையில், மதில்கள் முடிந்து கொஞ்சம் பொது நிலம் இருக்கிற இடத்தில், பக்கத்து வீட்டு அண்ணரும் நானும் சேர்ந்து நாலு பூவரசங் கதியாலும் நட்டோம். டியூசனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளை வைத்துக்கொண்டு நிற்கும் இடம் அது. மூன்று துளிர்த்திருக்கின்றன. நாலாவதை மாடு கடித்துவிட்டது. வருகிற மழைக்கு அதை மாற்றி நட வேண்டும்.